நத்தை மருந்தா, நெற்றி லைட்டா? வட்டவளை மழையில் வைத்துப் பார்த்தவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு போய்விடலாம். பயிரைத் தின்கிற ஆபிரிக்க நத்தையை ஒழிக்கவென்று கையில் ஒரு மூவாயிரம் ரூபா இருந்தால் உரக்கடை நீலக் குளிசைக்குக் கொடுக்காதீர்கள். தலையில் கட்டுகிற லைட் ஒன்றை வாங்குங்கள், ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் இருட்டோடு நெற்றியில் கட்டிக்கொண்டு போவார்களே, அதுதான். மிச்சக் காசுக்கு நீளமான இடுக்கி ஒன்றும் ரப்பர் கையுறையும் வாங்கலாம். நான் நீலக் குளிசையும் வாங்கினேன், கொழும்பிலிருந்து வரவழைத்த இன்னொரு மருந்தும் வாங்கினேன், செம்பு நாடாவும் வாங்கினேன், கடைசியாகத்தான் லைட் வந்தது. எல்லாவற்றையும் எங்கள் மழையில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் மழை என்றால் இலங்கை மலையகத்தில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழை, வருடத்துக்கு 5000 மில்லிமீற்றர் அளவில் கொட்டுகிற இடம். நுவரெலியாக்காரர்களுக்கு நான் சொல்வது அப்படியே பொருந்தாது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த நத்தைக்கும் எங்கள் ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு, ஊரிலேயே நிறையப் பேருக்குத் தெரியாது. கிழக்கு ஆபிரிக்காப் பிராணி. 1900இல் மொரிஷியஸிலிருந்து இதை இலங்கைக்குக் கொண்டுவந்தவர் ஒலிவர் கொலட் என்ற வெள்ளைக்காரர், நத்தை ஆராய்ச்சியில் ஈடுபாடு உள்ளவர். கொண்டுவந்து விட்ட இடம் வட்டவளை. பத்து வருடத்துக்குள் களுத்துறைப் பக்கத்தில் கொள்ளையாகப் பெருகி, அப்போது அரசாங்கப் பூச்சியியலாளராக இருந்த ஈ. ஈ. கிறீன் அதைப் பற்றி எழுதவேண்டிய நிலை வந்துவிட்டது. தேயிலை, சின்கோனா, யூக்கலிப்டஸ், டிரௌட் மீன் என்று வெள்ளைக்காரன் மலைக்குக் கொண்டுவந்தவற்றில் இதுவும் ஒன்று. எங்கள் பாட்டன் பூட்டன்களைக் கொண்டுவந்ததும் அவன்தான், ஆனால் நாங்கள் யாருடைய கோவாவையும் தின்னவில்லை.

இது தின்னாதது என்ன என்று கேட்பதுதான் லேசு. போஞ்சி முளை, கோவா நாற்று, வல்லாரை, பப்பாசிக் கன்று, வாழைக் குருத்து, பூச்சட்டி எல்லாம் போய், சாப்பிட ஒன்றும் இல்லாவிட்டால் லயத்துச் சுவரில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுதான் லயம்) அடித்த சுண்ணாம்பையும் சுரண்டித் தின்னும். ஓடு கட்ட அதற்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மழை நாட்களில் சுவரில் வரிவரியாகக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்து "பெயின்ட் சரியில்லை" என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போன ஆட்கள் இருக்கிறார்கள். ஆண் பெண் என்று தனியாகவும் கிடையாது, ஒவ்வொரு நத்தையும் இரண்டும்தான், ஆகவே எந்த நத்தையும் முட்டை போடும். ஒரு தடவையில் 100 முதல் 400 வரை போடும், வருடத்துக்கு 1200 வரை போகும் என்று கணக்குச் சொல்கிறார்கள். வெயில் காலத்தில் ஓட்டின் வாயை மூடிக்கொண்டு மண்ணுக்குள்ளேயும் கல்லிடுக்கிலேயும் மாதக்கணக்கில் தூங்கும். பங்குனி சித்திரையில் முதல் மழை விழுந்ததும் எல்லாம் ஒன்றாக எழும்பி வரும்.

சரி, நீலக் குளிசை. பெயர் மெட்டல்டிஹைட். கடைக்குக் கடை வேறு வேறு கம்பெனிப் பெயர், உள்ளே இருப்பது இதுதான். நான் வாங்கிய கடையில் பெரிய பைக்கற்றை உடைத்து பொலித்தீன் பையில் நிறுத்துக் கொடுத்தார்கள். லேபல் கிடையாது, எவ்வளவு போடவேண்டும் என்றும் கிடையாது, "ரெண்டு கைப்பிடி வீசி விடுங்கண்ணே, காலையில பாருங்க" என்றார் பொடியன். நஞ்சுச் சாமானை இப்படிச் சீனி நிறுப்பது போல நிறுத்துக் கொடுப்பதற்கே அந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் குறைக்கவேண்டும். பிறகு மூடிய பைக்கற் கேட்டு வாங்கினேன், அதில் எழுத்து சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். தோட்டத்து அம்மாமார் எத்தனை பேர் அதை வாசித்துவிட்டுப் போடுவார்கள்?

காலையில் பார்த்தேன், பொடியன் சொன்னது உண்மைதான். சளி சளியாகக் கக்கிக்கொண்டு நத்தைகள் கிடந்தன. பார்த்தால் பெரிய வெற்றி. பத்து மணிக்கு மழை பிடித்தது, மத்தியானம் போய்ப் பார்த்தால் கிடந்ததில் பாதியைக் காணோம். செண்பகப் பறவை தூக்கிப்போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன், அப்புறம்தான் விஷயம் விளங்கியது. இந்த மருந்து நத்தையைச் சளி கக்கவைத்து உடம்பில் உள்ள ஈரத்தை இறக்கித்தான் கொல்கிறது. வெயில் அடித்தால் நத்தை காய்ந்து செத்துவிடும். ஈரம் கிடைத்தால் திரும்ப உறிஞ்சிக்கொண்டு எழும்பிப் போய்விடும். குளிரும் ஈரமும் உள்ள இடத்தில் மெட்டல்டிஹைட் சரியாக வேலை செய்யாது என்பது தெரிந்த விஷயம், எங்கள் ஊரில் வைகாசியிலிருந்து புரட்டாதி வரை அதைத் தவிர வேறு காலநிலை கிடையாது. மழையில் குளிசையும் ஊறி மாவாகிவிடுகிறது, திரும்பத் திரும்பப் போடவேண்டும், காசு கரைகிறது.

காசு போனாலும் பரவாயில்லை, நாய்தான் பெரிய கவலை. தானிய மாவில் செய்த குளிசை என்பதால் நாய்க்கு அது தீனி. தின்றால் நடுக்கம், வலிப்பு, சில மணித்தியாலத்தில் உயிர் போகலாம். லயத்தில் நாய்கள் எல்லார் வீட்டுக்கும் பொது, கட்டிப்போடுகிற வழக்கமும் இல்லை. கோழிக்கும் கூடாது. தவழுகிற பிள்ளை உள்ள வீட்டில் சொல்லவே வேண்டாம். பிரித்தானியாவில் பறவைகளுக்கும் காட்டுப் பிராணிகளுக்கும் ஆகாது என்று 2022 மார்ச் இறுதியோடு வெளியிடங்களில் இதைப் பாவிப்பதையே நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய தோட்டத்துக்கு ஆகாதது எங்களுடைய வாசலுக்கு மட்டும் எப்படி ஆகும்?

செண்பகத்தைச் சொன்னேன் அல்லவா. அந்தப் பறவை இந்த நத்தையை நன்றாகத் தின்னும், ஓட்டை உடைத்து உள்ளே உள்ளதை எடுத்துவிடும். மின்மினியின் புழுவும் அப்படித்தான், இலங்கையில் உள்ள ஒரு வகை மின்மினிப் புழு இந்த நத்தையைப் பிடித்துத் தின்பதைப் பார்த்து, நத்தைத் தொல்லை உள்ள வேறு நாடுகளுக்கு இங்கிருந்து அதைப் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். நமக்குச் சும்மா வேலை செய்கிற ஆட்கள் இவர்கள். மருந்து தின்ற நத்தையை இவை தின்னட்டும் என்று விட எனக்கு மனமில்லை.

கொழும்பிலிருந்து வரவழைத்தது இரும்பு பொஸ்பேற் குளிசை. இது பரவாயில்லை. நத்தை தின்றதும் வாய் கட்டிவிடும், அதன் பிறகு இலையைத் தொடாது, எங்கேயாவது ஒதுங்கிப்போய் சில நாட்களில் சாகும். காலையில் பிணம் ஒன்றும் கிடக்காது, அதனால் "இந்த மருந்து டூப்பு" என்று சொல்கிறவர்கள் உண்டு. பிணத்தை எண்ணாதீர்கள், நாற்றைப் பாருங்கள். என்னுடைய கோவா நாற்றுப் பாத்தியில் கடி குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. நாய்க்கு ஆபத்தும் மற்றதை விடக் குறைவு, அதற்காக ஒரு பைக்கற்றையே தின்ன விடலாம் என்று அர்த்தமில்லை, வயிற்றைப் பிடிக்கும். குறை என்றால் விலை, அப்புறம் ஹற்றனிலோ நாவலப்பிட்டியிலோ நான் கேட்ட கடைகளில் இல்லாதது. கையகல நாற்றுமேடைக்குச் சரி, கால் ஏக்கருக்குப் போட்டால் கோவா விற்ற காசு அதற்கே போய்விடும். பெரிய நத்தைக்கு இது நிறையவும் வேண்டும்.

செம்பு நாடாவைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. பூச்சட்டி விளிம்பில் ஒட்டினேன், மழைக்குப் பசை விட்டுவிட்டது. பிரித்தானியாவின் தோட்டக்கலைச் சங்கமான ஆர்எச்எஸ் 2018இல் செம்பு நாடா, முட்டைக்கோது, கம்பளிக் குளிசை எல்லாம் போட்டுப் பார்த்து, ஒன்றும் போடாத பாத்திக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிட்டது. அது அவர்கள் ஊர் நத்தைகளுக்குச் செய்த சோதனை, எங்கள் ஊர்த் தடியன் அந்த இரண்டு அங்குல நாடாவைத் தாண்டிப்போனதை நானே நின்று பார்த்தேன்.

இனி லைட்.

கடையில் இரண்டு விதம் இருக்கிறது. ஒன்று பற்றரிப் பெட்டி இடுப்பில், வயர் முதுகால் ஏறி நெற்றிக்கு வரும், பால் வெட்டுகிறவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள், வெளிச்சம் கடும், நெடுநேரம் நிற்கும், ஆனால் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும்போது வயர் போஞ்சிக் கம்பில் மாட்டும். மற்றது எல்லாம் தலையிலேயே, சின்னது, யூஎஸ்பியில் சார்ஜ் பண்ணுவது. நான் இரண்டாவதை எடுத்தேன், இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கூட. நத்தை வேட்டைக்கு நூறு மீற்றர் எட்டும் வெளிச்சம் தேவையில்லை, காலடியிலிருந்து நாலைந்து அடிக்குப் பரவலாக விழுந்தால் போதும், ஆகவே "ஆயிரம் மீற்றர்" என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்கவேண்டாம். லைட்டின் தலை கீழே சாயவேண்டும், அது முக்கியம். சாயாத மொடலை வாங்கினால் கழுத்தைத்தான் சாய்க்கவேண்டும், மறுநாள் கொழுந்துக் கூடையைத் தூக்கமுடியாது.

கையில் பிடிக்கிற டோர்ச்சோடு ஏன் முடியாது என்று கேட்கலாம். ஒரு கையில் குடை, ஒரு கையில் டோர்ச், வாளியை யார் தூக்குவது? நெற்றியில் கட்டினால் இரண்டு கையும் வெறுமையாக இருக்கும், வாளியும் இடுக்கியும் பிடிக்கலாம். இன்னொன்று, கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போகும்போது நத்தையின் ஈரமும் அது போன பாதையில் உள்ள சளியும் பளபளவென்று திருப்பி அடிக்கும், இலைக்கு அடியில் இருக்கிற சுண்டுவிரல் நகமளவு குஞ்சு கூடத் தெரியும். பகலில் அதே பாத்தியில் அரை மணித்தியாலம் தேடினாலும் ஒன்று கிடைக்காது.

வேட்டைக்குப் போகிற நேரம் இருட்டி ஒரு மணித்தியாலம் கழித்து, மழை விட்டுத் தூறல் நிற்கிறபோது. கொட்டுகிற மழையில் அதுவும் ஒதுங்கித்தான் இருக்கும். அடுத்தது விடியற்காலை, அது திரும்பிப் போகிற நேரம். பின்னேரமே நனைத்த சாக்கு ஒன்றை வாழைத் தூருக்குப் பக்கத்தில் விரித்து அதற்கடியில் பப்பாசி இலையோ கோவா வெளி இலையோ போட்டு வையுங்கள், தேடுகிற வேலை பாதி குறையும், வந்து கூடி இருக்கும். சுவர் ஓரம், கான் ஓரம், பீலிக்குக் கீழே அடுக்கிய கல், குப்பை போடுகிற குழி, இவைதான் இடங்கள். பெரியதைப் பிடித்தால் சந்தோஷம்தான், ஆனால் பயிரை நாசமாக்குவது அதிகமும் சின்னது, நடுத்தரம், ஆகவே சின்னதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பகலில் மண்ணைக் கிளறும்போது ஜவ்வரிசியை விடப் பெரிதாக, வெள்ளையும் மஞ்சளுமாக முட்டை குவியலாக வந்தால் அதையும் எடுத்து வாளிக்குள் போடுங்கள். அந்தக் குவியல் ஒன்று போனால் அடுத்த பருவத்து வேட்டையில் ஒரு பெரிய பங்கு போன மாதிரி.

வாளியில் கட்டியாகக் கரைத்த உப்புத் தண்ணீர். உப்பை மண்ணில் தூவவே கூடாது, நத்தை போகும், அதோடு பாத்தியும் போகும். செத்ததை ஆழக் குழி தோண்டிப் புதைத்து மேலே சுண்ணாம்பு போடுவோம். பக்கத்து ஓயாவில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கீழே இருக்கிறவர்களும் அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை. பாதையில் போட்டு மிதித்து நசுக்குவதும் வேண்டாம், நாற்றம், ஈ, அதற்கு மேல் எலி.

கையுறையை விளையாட்டாக எடுக்கவேண்டாம். எலியின் நுரையீரலில் வாழ்கிற ஒரு புழு, எலியின் எச்சத்தைத் தின்கிற இந்த நத்தைக்குள் வளர்கிறது. அது மனிதனுக்குள் போனால் மூளையைச் சுற்றிய சவ்வில் அழற்சி வரும். நத்தையைத் தொட்ட கையோடு வெற்றிலை போடுவது, சளி பட்ட சலாது இலையையோ வல்லாரையையோ கழுவாமல் சம்பல் செய்வது, இவையெல்லாம் வழி. சின்னப் பிள்ளைகளுக்கு "ஒரு நத்தைக்கு இவ்வளவு" என்று காசு கொடுத்துப் பொறுக்கவிடுகிற வீடுகள் இருக்கின்றன. கையுறையும் இடுக்கியும் கொடுத்துவிட்டுக் காசு கொடுங்கள்.

லைட்டுக்கு நான் நட்சத்திரம் கொடுக்க இன்னொரு காரணம், அது ஆள் பார்த்து எடுக்கவிடுகிறது. இலங்கையில் நிலத்து நத்தைகள் சுமார் 250 வகை இருக்கின்றன, ஐந்தில் நாலு பங்கு வேறு எங்கேயும் கிடையாது. அதில் அக்காவஸ் என்ற பேரினத்துப் பெரிய நத்தைகள் மரத்தில் ஏறி இருக்கும், ஓடு உருண்டையாக அகலமாக, வாய் விளிம்பு தடித்து மடிந்து, கபிலமும் சிவப்பும் வெள்ளையுமாக அழகாக இருக்கும். ஆபிரிக்க நத்தையின் ஓடு நீளமாகக் கூம்பிப் போகும், மேலே மங்கல் கபிலத்தில் நெடுக்கு வரிகள், வாய் விளிம்பு மெல்லியது. ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிறகு குழம்பாது. நீலக் குளிசைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எங்கள் வீட்டு மிளகுக் கொடி ஏறிய முருங்கை மரத்தில் அக்காவஸ் இரண்டு மூன்று இருக்கின்றன, கோவாப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

லைட்டில் குறை இல்லாமல் இல்லை. பூச்சி எல்லாம் முகத்துக்கு வரும், வாயைத் திறந்து பேசமுடியாது. இலாஸ்ரிக் பட்டி வியர்வைக்கும் மழைக்கும் சீக்கிரம் தளர்கிறது. "வோட்டர் ப்ரூப்" என்று போட்டிருந்தாலும் சார்ஜ் போடுகிற ஓட்டையின் ரப்பர் மூடி பிய்ந்தால் தண்ணீர் உள்ளே போகும், மேலே பொலித்தீன் கட்டிக்கொள்ளுங்கள். அட்டை கடிக்கும், அதற்கு லைட்டைக் குறை சொல்லமுடியாது. தேயிலை மலைக்குள் இருட்டில் தனியாக இறங்கவேண்டாம், பன்றியும் வரும், சிறுத்தையும் வரும், வீட்டுத் தோட்டத்து எல்லைக் கானோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அக்கா ஒரு நாள் கேட்டார், "தம்பி, நீங்க புடிச்சுப் புடிச்சுப் போடுறீங்க, மேல் லயத்துல இருந்து அது பாட்டுக்கு இறங்கி வருதே, என்னத்துக்கு இந்தப் பாடு?" நியாயமான கேள்வி. அமெரிக்காவின் மயாமியில் 1966இல் ஒரு பையன் கொண்டுவந்த மூன்று நத்தை, ஏழு வருடத்தில் 18,000ஐத் தாண்டி, விஷ இரையும் கையால் பொறுக்குவதுமாக 1975இல்தான் ஒழித்து முடித்தார்கள், அதற்கு அரசாங்கமே இறங்கவேண்டியிருந்தது. 2011இல் திரும்ப அங்கே தலைகாட்டியபோது மோப்ப நாய் கூட வைத்துத் தேடினார்கள், இன்னும் பத்து வருடம் பிடித்தது. நூறு வருடத்துக்கு மேலாக இங்கே குடியிருக்கிறதை நாலு வீடு சேர்ந்து ஒழிக்கமுடியாது, ஆனால் நாற்று நடுகிற கிழமைக்கு முன்னால் வரிசையில் உள்ள எல்லா வீடும் ஒரே இரவுகளில் இறங்கினால் அந்தப் போகம் தப்பும். அக்கா வீட்டில் இப்போது மூத்த மகன் லைட் கட்டிக்கொண்டு வருகிறான். மேல் லயத்தோடு பேச ஆள் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்தில் லீக்ஸ், கரட், கோவா போடுகிறவர்களுக்கு வேறு கதை. அங்கே குளிருக்குத் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்த ஓடில்லாத நத்தைகள், சாம்பல் நிறத்தில் விரலை விடச் சின்னது, மண்வெடிப்புக்குள் இருக்கும். லைட்டில் தெரியும்தான், ஆனால் ஒரு பாத்தியில் உள்ளதைக் குனிந்து பொறுக்கி முடிக்க முழங்கால் விடாது. அவர்கள் இரும்பு பொஸ்பேற்றைப் பார்க்கலாம், நாலைந்து பேர் சேர்ந்து மொத்தமாக எடுத்தால் கொண்டுவரும் செலவு பிரியும். பின்னேரம் நனைத்த பலகையைக் கவிழ்த்து வைத்து, காலையில் புரட்டிப் பார்ப்பதும் அங்கே வேலை செய்யும்.

நட்சத்திரம் ஐந்துக்கு: நீலக் குளிசை ஒன்றரை, அதுவும் தை மாசி வெயிலுக்கு மட்டும், நாயும் கோழியும் பிள்ளையும் இல்லாத இடத்தில் மட்டும். இரும்பு பொஸ்பேற் மூன்றரை. செம்பு நாடாவுக்குச் சுழியம். நெற்றி லைட்டும் இடுக்கியும் சேர்த்து நாலரை, அரையைக் குறைத்தது அந்த இலாஸ்ரிக் பட்டிக்காக. வாங்கும்போது பற்றரியைக் கழற்றி மாற்றக்கூடிய மொடலாகக் கேளுங்கள், உள்ளேயே ஒட்டிவிட்ட மொடல், பற்றரி போனால் முழுதாகவே குப்பைக்குத்தான் போகும். பெட்டியைப் பிரித்து, கடையிலேயே தலையில் கட்டிக் கீழே சாய்த்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.